என்சைம் ரியாக்ஷன், ஃபெர்மென்டேஷன் ரெண்டையும் சிஇ-ல மானிட்டர் பண்ணலாமா?

கேள்வி இதுதான். லேப்ல ஒரு பழைய கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் (சுருக்கமா சிஇ, மெல்லிய குழாய்ல வோல்ட்டேஜ் போட்டு கலவைய பிரிக்கறது) மெஷின் யாரும் தொடாம கிடக்கு, எச்பிஎல்சி-க்கு (பம்ப் வச்சு திரவத்த தள்ளி பிரிக்கற மெஷின்) எப்பவும் க்யூ, ஹெக்சோகைனேஸ் ரியாக்ஷன் ஒண்ணையும் லாக்டிக் ஆசிட் ஃபெர்மென்டேஷன் ஒண்ணையும் மணிக்கணக்குல ஃபாலோ பண்ணணும், சிஇ-ய நம்பி இறங்கலாமா வேண்டாமா. என் பதில், என்சைமுக்கு கண்டிப்பா இறங்குங்க, எச்பிஎல்சி-ய விட நல்லாவே வரும். ஃபெர்மென்டேஷனுக்கு பாதி வேலைய மட்டும் இதுல வச்சுக்கோங்க. ஏன்னு கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா சிஇ பத்தி கிளாஸ்ல சொல்லித்தர்றது எல்லாம் "நல்லா பிரிக்கும்"ங்கறதோட நின்னுடுது, ஒரு விஷயம் மாறிக்கிட்டே இருக்கும்போது அத தொடர்ந்து பாக்க இது எவ்வளவு பொருத்தம்னு யாரும் சொல்றதில்ல.

மெஷினுக்குள்ள இருக்கறது ஃப்யூஸ்டு சிலிக்கா கேபிலரி, உள் விட்டம் பெரும்பாலும் 50 இல்லனா 75 மைக்ரோமீட்டர், வெளிய பாலிஇமைடு பூச்சு, ரெண்டு முனையும் பஃபர் (பிஎச்ச மாறாம வச்சுக்கற கரைசல்) இருக்கற வையல்ல, அதாவது சின்ன பாட்டில்ல, முங்கி இருக்கும், நடுவுல 20, 25, 30 கிலோவோல்ட். பிஎச் ஏறினா உள் சுவர்ல இருக்கற சிலனால் க்ரூப் எல்லாம் நெகட்டிவ் ஆகி, சுவர ஒட்டி பாசிட்டிவ் அயனி சேந்து, வோல்ட்டேஜ் போட்டதும் மொத்த திரவமும் கேத்தோடு (நெகட்டிவ் முனை) பக்கம் நகரும், அதான் எலக்ட்ரோ ஆஸ்மாட்டிக் ஃப்ளோ. அந்த ஓட்டத்துல பாசிட்டிவ் அயனி முந்தும், நியூட்ரல் கூடவே போகும், நெகட்டிவ் அயனி எதிர்த்து நீந்த பாத்து பின்தங்கி வரும். 1981-ல ஜோர்கன்சனும் லூகாக்ஸும் 75 மைக்ரோமீட்டர் குழாய்ல இத செஞ்சு காட்டின பிறகுதான் உலகமே திரும்பி பாத்துச்சு. அதுக்கு முன்னாடி 1967-லயே ஹியெர்ட்டேன் பெரிய குழாய்ல செஞ்சிருந்தாரு, ஆனா குழாய் பெருசா இருந்தா கரண்ட் கிளப்புற சூடு வெளிய போகாது, மெல்லிசானாதான் போகும். தியரி இதோட போதும், வேலைக்கு வருவோம்.

50 மைக்ரோமீட்டர், 60 சென்டிமீட்டர் கேபிலரியோட மொத்த கொள்ளளவே 1.2 மைக்ரோலிட்டர் சொச்சம்தான். அரை பிஎஸ்ஐ ப்ரெஷர்ல 5 செகண்ட் இன்ஜெக்ட் பண்ணா உள்ள போறது சுமார் 5 நானோலிட்டர். இப்ப உங்க ஹெக்சோகைனேஸ் ரியாக்ஷன் 100 மைக்ரோலிட்டர்னு வச்சுக்கோங்க, அத அப்படியே ஆட்டோசாம்ப்ளர் வையல்ல வச்சுட்டு 30 தடவ இன்ஜெக்ட் பண்ணாலும் நீங்க எடுத்தது 150 நானோலிட்டர், அதாவது 0.15 சதவீதம். எச்பிஎல்சி-ல தடவைக்கு 10 மைக்ரோலிட்டர்னா 30 தடவைக்கு 300 மைக்ரோலிட்டர், ரியாக்ஷனே அவ்வளவு இல்ல. அதனாலதான் அங்க தனித்தனி ட்யூப் வச்சு, ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு ட்யூப்ப ஆசிட் ஊத்தி நிறுத்தி, நடுநிலையாக்கி, ஃபில்டர் பண்ணின்னு ஒரு பெரிய சடங்கே நடக்குது, ஒவ்வொரு ட்யூப்பும் கொஞ்சம் கொஞ்சம் வேற மாதிரி நடந்துக்கும். சிஇ-ல ஒரே ரியாக்ஷன்தான், அதையே திரும்ப திரும்ப கேள்வி கேக்குறீங்க. கைனெட்டிக்ஸ் (ரியாக்ஷன் எவ்வளவு வேகமா போகுதுன்னு) பாக்கறவங்களுக்கு இத விட பெரிய வசதி எனக்கு தெரிஞ்சு இல்ல.

ரியாக்ஷன நிறுத்த ஆசிட்டும் தேவையில்ல. வோல்ட்டேஜ் ஏறின அடுத்த சில நொடியிலேயே என்சைமுக்கு தேவையான மக்னீசியம் கேத்தோடு பக்கம் பிச்சுக்கிட்டு போயிடும், பாஸ்பேட் குடுக்கற ஏடிபி (அடினோசின் ட்ரைபாஸ்பேட்) பின்னாடி இழுக்கும், என்சைம் அதோட வேகத்துல தனியா போகும், குளுக்கோஸும் அதோட வேகத்துல தனியா போகும். நாலு பேரும் பிரிஞ்ச பிறகு ரியாக்ஷன் எங்க நடக்கும். உங்க டைம் பாயிண்ட் இன்ஜெக்ஷன் நேரம்தான், டிடெக்டர்ல பீக் (சிக்னல் மேடு) வர்ற நேரம் இல்ல, இத லேப் நோட்டுல முதல் நாளே எழுதி வச்சுக்கோங்க.

ஹெக்சோகைனேஸ்ல குளுக்கோஸும் ஏடிபியும் சேந்து குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும் ஏடிபியும்... இங்க தமிழ்ல எழுதினா ஏடிபி ரெண்டும் ஒண்ணா தெரியுது, அதனால மூணு பாஸ்பேட் இருக்கறத ட்ரைபாஸ்பேட், ஒண்ணு இழந்தத டைபாஸ்பேட், ரெண்டு இழந்தத மோனோபாஸ்பேட்னே சொல்றேன். சர்க்கரைக்கு யூவி-ல ஒண்ணும் தெரியாது, 260 நானோமீட்டர்ல தெரியறது இந்த மூணு பாஸ்பேட்லயும் இருக்கற அடினின்ங்கற பகுதி மட்டும். பிஎச் 9 பக்கம் போரேட் பஃபர்ல நார்மல் போலாரிட்டியில (டிடெக்டர் கேத்தோடு பக்கம்) ஓட்டினா மோனோபாஸ்பேட் முதல்ல, டைபாஸ்பேட் அடுத்து, அதிக சார்ஜ் இருக்கற ட்ரைபாஸ்பேட் கடைசில வரும். ரியாக்ஷன் போக போக கடைசி பீக் குறையும், நடு பீக் ஏறும். மூணுலயும் ஒளிய உறிஞ்சறது அதே அடினின்தான், அதனால 260-ல மூணோட ரெஸ்பான்ஸும் கிட்டத்தட்ட ஒண்ணு. அப்ப மூணு பீக்கோட கூட்டுத்தொகை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் மாறவே கூடாது. இந்த கூட்டுத்தொகைய ஒவ்வொரு ரன்னுக்கும் அட்டவணையில தனியா ஒரு கட்டத்துல போட்டு வைங்க, அது உங்களுக்கு ஒரு காவல்காரன். மெதுவா ஏறிக்கிட்டே போச்சுன்னா வையல்ல தண்ணி ஆவியாகுதுன்னு அர்த்தம், 37 டிகிரியில 100 மைக்ரோலிட்டர்ல நீங்க இன்ஜெக்ட் பண்ணி எடுக்கறத விட ஆவியாகி போறது எவ்வளவோ அதிகம், மூடி சரியா இருக்கான்னு பாருங்க. திடீர்னு இறங்கினா கேபிலரி முனை அடைச்சிருக்கு இல்லனா காத்து குமிழ் உள்ள போயிருக்கு.

இன்னொரு விஷயம் இதுலதான் கண்ணுக்கு தெரியும். சில நேரம் நீங்க எதிர்பாக்காத மோனோபாஸ்பேட் பீக் மெல்ல தலைகாட்டும். ஹெக்சோகைனேஸ் மோனோபாஸ்பேட் பண்ணாது, அப்ப எங்கிருந்து வந்துச்சு, என்சைம் ப்ரிப்பரேஷன்ல மயோகைனேஸ்ங்கற இன்னொரு என்சைம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு, அது ரெண்டு டைபாஸ்பேட்ட எடுத்து ஒரு ட்ரைபாஸ்பேட், ஒரு மோனோபாஸ்பேட் பண்ணிடும். வழக்கமா பண்ற கப்புள்டு அஸ்ஸேல, அதாவது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் சேத்து 340 நானோமீட்டர்ல என்ஏடிபிஎச் ஏறறத பாக்கறதுல, உங்களுக்கு ஒரே ஒரு கோடுதான் தெரியும், அந்த கோட்டுக்குள்ள மயோகைனேஸ் திருப்பி குடுத்த ட்ரைபாஸ்பேட்டும் கலந்திருக்கும், அந்த கோட்ட மட்டும் பாத்து கண்டுபிடிக்க முடியாது. சிஇ-ல சப்ஸ்ட்ரேட், ப்ராடக்ட், பக்கவாட்டுல நடக்கறது எல்லாம் தனித்தனி பீக்கா ஒரே ட்ரேஸ்ல நிக்கும். ஒரு ப்ராசஸ மானிட்டர் பண்றதுன்னா எனக்கு இதுதான், ஒரு நம்பர் ஏறறத பாக்கறது மட்டும் இல்ல.

சரி, இப்ப எங்க எங்க சறுக்கும்னு சொல்றேன், இத தாண்டாம யாரும் நல்ல டேட்டா எடுத்ததில்ல.

முதல்ல இன்ஜெக்ஷன். சிஇ-ல ப்ரெஷர்லயும் இன்ஜெக்ட் பண்ணலாம், வோல்ட்டேஜ்லயும் பண்ணலாம். மானிட்டரிங்குக்கு வோல்ட்டேஜ் இன்ஜெக்ஷன் பக்கமே போகாதீங்க. அதுல வேகமா ஓடற அயனி அதிகமா உள்ள போகும், மெதுவா ஓடறது கம்மியா போகும், அது கூட கேலிப்ரேஷன்ல சரி பண்ணிடலாம், ஆனா உள்ள போற அளவு சாம்பிளோட கண்டக்டிவிட்டிய பொறுத்தது, ரியாக்ஷன் போக போக கண்டக்டிவிட்டியே மாறும். ஃபெர்மென்டேஷன்ல ஆசிட் உண்டாகுது, நீங்க சோடியம் ஹைட்ராக்சைடு ஊத்தி பிஎச்ச புடிக்கிறீங்க, உப்பு ஏறிக்கிட்டே போகுது, அப்ப உண்மையில மாறாத ஒரு பொருளோட பீக் கூட இறங்கிக்கிட்டே வரும். பாக்க அழகான ஒரு கர்வ் கிடைக்கும், அத கைனெட்டிக்ஸ்னு நினைச்சு தீசிஸ்ல போட்டுட்டா அவ்வளவுதான்.

ரெண்டாவது ஏரியா கணக்கு. எச்பிஎல்சி-ல எல்லா பொருளும் டிடெக்டர ஒரே வேகத்துல தாண்டும், பம்ப் தள்ளறதால. இங்க டிடெக்டர் கேபிலரி மேலயே இருக்கு, பாலிஇமைட எரிச்சு சுரண்டின ஒரு சின்ன ஜன்னல், அத ஒவ்வொரு அயனியும் அதோட வேகத்துல தாண்டும், மெதுவா போறது ரொம்ப நேரம் ஜன்னல் முன்னாடி நிக்கும், அதனால ஏரியா பெருசா தெரியும். ஏரியாவ மைக்ரேஷன் டைமால வகுத்துட்டுதான் எந்த ஒப்பீடும் பண்ணணும். மேல சொன்ன அடினின் கூட்டுத்தொகையும் இப்படி வகுத்த பிறகு போட்டாதான் சரியா வரும், வகுக்காம போட்டா ட்ரைபாஸ்பேட் டைபாஸ்பேட்டா மாற மாற கூட்டுத்தொகை தானா இறங்கும், இல்லாத பிரச்சினைய தேடிக்கிட்டு இருப்பீங்க.

மூணாவது, மைக்ரேஷன் டைம் நகர்றது. எச்பிஎல்சி பழகினவங்க சிஇ-ய வெறுக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். சூடு ஒரு டிகிரி ஏறினா தண்ணியோட பிசுபிசுப்பு குறைஞ்சு மொபிலிட்டி (அயனி ஓடற வேகம்) சுமார் 2 சதவீதம் ஏறும், அதனால கேபிலரி கூலிங் வேலை செய்யுதான்னு பாருங்க, ரூம் ஏசிய மட்டும் நம்பாதீங்க. அதோட ரெண்டு வையல்லயும் மின்பகுப்பு நடக்குது, ஆனோடு பக்கம் ஆசிட் ஆகும், கேத்தோடு பக்கம் காரம் ஆகும், வையல்ல இருக்கறதே ஒண்ணு ரெண்டு மில்லிலிட்டர் பஃபர், 20 ரன் ஒரே வையல்ல ஓட்டினா பிஎச் நகர்ந்து பீக் எல்லாம் இடம் மாறும். நாலஞ்சு ரன்னுக்கு ஒரு தடவ வையல் மாத்தற மாதிரி மெத்தட்லயே எழுதிடுங்க. கரண்ட் எவ்வளவுன்னு ஒவ்வொரு ரன்னுக்கும் சேவ் பண்ணுங்க, பிரச்சினை வரப்போறத பீக்க விட கரண்ட்தான் முதல்ல சொல்லும்.

இதெல்லாம் பண்ணினாலும் இன்டர்னல் ஸ்டாண்டர்ட் இல்லாம ஓட்டாதீங்க. என்சைம் தொடாத, 260-ல தெரியற, ஸ்திரமான ஒரு அயனி, நாஃப்தலீன் சல்ஃபோனிக் ஆசிட் மாதிரி ஒண்ணு, ரியாக்ஷன் மிக்ஸ்லயே முதல்ல இருந்து போட்டுடுங்க. தனியா ஓட்டி அது எங்க வருதுன்னு பாத்துக்கோங்க, ஏரியாவையும் நேரத்தையும் அதோட விகிதமாவே எடுங்க.

மக்னீசியம் பத்தி ஒரு வார்த்தை. ட்ரைபாஸ்பேட்டோட அது இறுக்கமா ஒட்டும், ஒட்டினா சார்ஜ் குறையும், பீக் வால் புடிச்சு சாஞ்சு வரும். கேபிலரிக்குள்ள இருக்கற ரன்னிங் பஃபர்ல மக்னீசியத்த புடிச்சுக்கற ஈடிடிஏ கொஞ்சம் போட்டா பீக் நிமிந்துடும். ரியாக்ஷன் மிக்ஸ்ல போட்டுடாதீங்க, மக்னீசியம் இல்லனா ஹெக்சோகைனேஸ் வேலையே செய்யாது.

வேகமான ரியாக்ஷன்னா என்ன பண்றதுன்னு அடுத்து கேப்பீங்க. சாதாரணமா ஒரு ரன் 6, 8 நிமிஷம், நடுவுல கழுவறது ஒரு 3 நிமிஷம், ஆக 10 நிமிஷத்துக்கு ஒரு பாயிண்ட். பத்தலன்னா ஷார்ட் எண்ட் இன்ஜெக்ஷன் இருக்கு, டிடெக்டருக்கு பக்கத்துல இருக்கற முனையில இருந்து இன்ஜெக்ட் பண்ணி போலாரிட்டிய மாத்திட்டா ஓடவேண்டிய தூரம் 10 சென்டிமீட்டர்தான், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும், இவ்வளவு தூரம் சார்ஜ் வித்தியாசம் இருக்கற மூணு பீக்குக்கு அது தாராளம். இன்னொரு வழி கேபிலரியவே ரியாக்டரா ஆக்கறது. பர்டியூ யுனிவர்சிட்டில பாவோவும் ரெக்னியரும் 1992-ல இத காட்டினாங்க, சப்ஸ்ட்ரேட்டும் என்ஏடிபியும் இருக்கற பஃபர்ல குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ ஒரு சின்ன ப்ளக்கா இன்ஜெக்ட் பண்ணி, வோல்ட்டேஜ் போட்டு கலக்கவிட்டு, கொஞ்ச நேரம் வோல்ட்டேஜ நிறுத்தி ப்ராடக்ட் சேரவிட்டு, திரும்ப வோல்ட்டேஜ் போட்டு டிடெக்டருக்கு அனுப்பினாங்க. என்சைம் விலை அதிகமா இருக்கறவங்களுக்கு இது வரப்பிரசாதம்.

சிஇ-ய வச்சு உயிரோட இருக்கற ஒண்ண தொடர்ந்து பாக்கறதுல எனக்கு ரொம்ப புடிச்ச வேலை ராபர்ட் கென்னடி க்ரூப்போடது, முதல்ல ஃப்ளோரிடாவுல, அப்புறம் மிச்சிகன்ல. எலியோட மூளைக்குள்ள மைக்ரோடயாலிசிஸ் ப்ரோப் (சவ்வு வழியா சின்ன மாலிக்யூல மட்டும் எடுக்கற மெல்லிய குழாய்) வச்சா நிமிஷத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் இல்ல அதுக்கும் கம்மியாதான் திரவம் வெளிய வரும். எச்பிஎல்சி-க்கு போதுமான அளவு சேரணும்னா 10, 20 நிமிஷம் காத்திருக்கணும், ஆனா க்ளூட்டமேட் ஏறி இறங்கறது அதுக்குள்ள முடிஞ்சு போயிடும், உங்களுக்கு கிடைக்கறது ஒரு சராசரி மட்டும். சிஇ-க்கு நானோலிட்டர் போதும், அதனால வர்ற திரவத்துல வழியிலயே ஃப்ளோரசன்ட் லேபிள் ஏத்தி, ஃப்ளோ கேட்டுன்னு ஒரு இடைமுகம் வச்சு, அதுல இருந்து கேபிலரிக்குள்ள சின்ன சின்ன ப்ளக்கா தொடர்ந்து விட்டு, லேசர் வச்சு பாத்தாங்க, க்ளூட்டமேட், ஆஸ்பார்டேட்டோட மாற்றம் செகண்ட் கணக்குல தெரிய ஆரம்பிச்சுது. அதே க்ரூப் 2003-ல கண்ணாடி சிப் மேல கணையத்தோட லாங்கர்ஹான்ஸ் ஐலெட்ட (இன்சுலின் சுரக்கற செல் கூட்டம்) உயிரோட வச்சு, அது வெளிய விடற இன்சுலின எலக்ட்ரோஃபோரெசிஸ் இம்யூனோஅஸ்ஸேயால தொடர்ந்து அளந்தாங்க. லேபிள் போட்ட இன்சுலினும் ஐலெட் விட்ட இன்சுலினும் ஆன்டிபாடிக்கு போட்டி போடும், ஒட்டினதையும் ஒட்டாததையும் சில நொடியில பிரிச்சு விகிதத்த பாக்கறாங்க, அடுத்த அளவுக்கு உடனே ரெடி. செல்ல நசுக்கி சாறெடுத்து பாக்கற வேலை இல்ல இது, அது சுரக்க சுரக்க பக்கத்துல உக்காந்து பாக்கறது.

மெட்டபாலிசம் பக்கம் போனா ஜப்பான்ல கெய்யோ யுனிவர்சிட்டி சோகா க்ரூப் 2003-ல சிஇ-ய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரோட கோத்து, பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கற பாக்டீரியா ஸ்போர் ஆகும்போது செல்லுக்குள்ள இருக்கற மெட்டபோலைட் (வளர்சிதை மாற்றத்துல வர்ற சின்ன மாலிக்யூல்) எல்லாம் எப்படி மாறுதுன்னு பாத்தாங்க, 1692 மெட்டபோலைட். இதெல்லாம் பெரும்பாலும் சார்ஜ் இருக்கற சின்ன மாலிக்யூல், எச்பிஎல்சி-ல வழக்கமா போடற சி18 காலம்ங்கற (column) பிரிக்கற குழாய்ல நிக்காம ஓடிடும், சிஇ-க்கு அதுதான் சொந்த ஊர்.

ஃபெர்மென்டேஷனுக்கு வருவோம். லாக்டிக், அசெட்டிக், ஃபார்மிக், சக்சினிக், சிட்ரிக் இதுக்கெல்லாம் யூவி உறிஞ்சல் ரொம்ப கம்மி, அதனால இன்டைரக்ட் டிடெக்ஷன், அதாவது பஃபரே யூவி உறிஞ்சும், ஆசிட் வர்ற இடத்துல உறிஞ்சல் குறைஞ்சு பள்ளமா தெரியும். பிரிடின் டைகார்பாக்ஸிலிக் ஆசிட் 20 மில்லிமோலார், பிஎச் 5.7 பக்கம், கூட சீட்டைல் ட்ரைமெத்தில் அமோனியம் உப்பு அரை மில்லிமோலார், அது சுவர்ல ஒட்டி ஓட்டத்தையே திருப்பிடும், போலாரிட்டிய நெகட்டிவ்ல வச்சா ஆசிட் எல்லாம் வேகமா டிடெக்டருக்கு வரும். கூட குளோரைடு, சல்ஃபேட், பாஸ்பேட்டும் தெரியும், மீடியத்துல பாஸ்பேட் எப்ப தீருதுன்னு பாக்க அது இலவசமா கிடைக்கற டேட்டா. ப்ராத்த (ஃபெர்மென்டேஷன் நடக்கற திரவம்) சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி, 0.2 மைக்ரான் ஃபில்டர்ல விட்டு, தண்ணி சேத்து 20-ல இருந்து 50 மடங்கு நீர்க்க வைங்க. நீர்க்க வைக்கறது அவசியம், உப்பு அதிகமா இருக்கற சாம்பிள் அப்படியே போனா பீக் அகண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிடும், தண்ணியா இருந்தா சாம்பிள் ப்ளக்குக்குள்ள மின்புலம் அதிகமாகி அயனி எல்லாம் ஓரத்துல குவிஞ்சு பீக் கூராகும். ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், பெப்டைடுன்னு அழுக்கு ப்ராத்தா இருந்தாலும் பயப்பட வேண்டாம், எச்பிஎல்சி மாதிரி கெட்டுப்போற காலம் (column) இங்க இல்ல, வெறும் குழாய், கழுவிட்டு அடுத்தது ஓட்டலாம். உங்க லாக்டோபேசில்லஸ் டி லாக்டிக்கா எல் லாக்டிக்கா (ஒண்ணுக்கொண்ணு கண்ணாடி பிம்பமான ரெண்டு வடிவம்) எத பண்ணுதுன்னு தெரியணும்னா ஹைட்ராக்ஸிப்ரொபைல் பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின பஃபர்ல போட்டே பிரிக்கலாம், கைரல் காலம் வாங்க வேண்டாம்.

ஆனா குளுக்கோஸுக்கும் எத்தனாலுக்கும் சிஇ-ய கட்டி அழாதீங்க. எத்தனால் நியூட்ரல், யூவி-லயும் தெரியாது. குளுக்கோஸ பிஎச் 12-க்கு மேல ஏத்தினா அயனியாக்கி பாக்கலாம்தான், ஆனா அந்த பஃபர் காத்துல இருக்கற கார்பன் டையாக்சைட இழுத்துக்கிட்டே இருக்கும், பேஸ்லைன் உங்கள படுத்தும். எச்பிஎல்சி-ல அயனி எக்ஸ்சேஞ்ச் காலம், நீர்த்த சல்ஃபூரிக் ஆசிட், ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் டிடெக்டர், ரெண்டுமே ஒரே ரன்ல வந்துடும். ஒரு நாளைக்கு நாலு சாம்பிள் மட்டும் அங்க குடுங்க, க்யூவும் குறையும்.

டிடெக்ஷன் லிமிட்டையும் மனசுல வச்சுக்கோங்க. ஒளி கடக்கற தூரம் 50 மைக்ரோமீட்டர், எச்பிஎல்சி ஃப்ளோ செல்லுல வழக்கமா 10 மில்லிமீட்டர், 200 மடங்கு வித்தியாசம். யூவி-ல மைக்ரோமோலார் பக்கம் வந்தாலே மூச்சு வாங்கும். உங்க ட்ரைபாஸ்பேட் 1 மில்லிமோலார் இருக்கும், அதனால கவலை இல்ல, ஆனா நானோமோலார்ல பாக்கணும்னா லேசர் ஃப்ளோரசன்ஸ் இல்லாம முடியாது. அதே மாதிரி ப்ரோட்டீனையே பாக்கப்போறீங்கன்னா, குறிப்பா லைசோசைம், சைட்டோக்ரோம் சி மாதிரி பாசிட்டிவ் சார்ஜ் ப்ரோட்டீன், வெறும் சிலிக்கா சுவர்ல அப்பிக்கும், பூச்சு போட்ட கேபிலரி வாங்கிக்கோங்க.

பழைய மெஷின் கிளப்பறதுக்கு: உள்ள இருக்கற கேபிலரிய தூக்கி போட்டுட்டு புதுசு போடுங்க, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணி, பஃபர்னு வரிசையா நல்லா கழுவுங்க. எலக்ட்ரோட்ல உப்பு படிஞ்சிருந்தா துடைங்க. அடுத்து 5 கிலோவோல்ட்ல ஆரம்பிச்சு 5, 5-ஆ ஏத்தி கரண்ட குறிச்சு ஒரு கிராஃப் போடுங்க, நேர்கோடா போற வரைக்கும் சூடு கட்டுக்குள்ள இருக்கு, எங்க மேல வளையுதோ அதுக்கு கீழயே வேலை பாருங்க. அப்புறம் மூணு பாஸ்பேட்டும் இன்டர்னல் ஸ்டாண்டர்டும் கலந்த ஒரே கரைசல பத்து தடவ தொடர்ந்து இன்ஜெக்ட் பண்ணி, டைமால வகுத்த ஏரியா விகிதம் எவ்வளவு சிதறுதுன்னு பாருங்க. 2, 3 சதவீதத்துக்குள்ள இருந்தா அன்னைக்கே என்சைம ஊத்திடலாம். அதுக்கு மேல போச்சுன்னா என்சைம ஃப்ரீசர்லயே விட்டுட்டு முதல்ல வையல் மூடி, பஃபர் லெவல், கேபிலரி முனை நேரா வெட்டியிருக்கா, இந்த மூணையும் பாருங்க.